சேறு படாத ஷூ

பாக்தாத்துக்குத் தெற்கே, பாலைவனத்து ஓரத்தில் இருக்கும் சமாவா ஊரில் அந்த வருஷம் ஏப்ரல் மாதம் மட்டும் ஐந்து முறை புழுதிப்புயல் அடித்தது. ஐந்தாவது முறை மழையும் சேர்ந்துகொண்டது. வானத்தில் தொங்கிக்கொண்டிருந்த மண்ணையெல்லாம் கரைத்துக்கொண்டு இறங்கிய மழை. மாடித் தண்ணீர்த் தொட்டி, பேரீச்சை மட்டை, எடுக்க மறந்த துணி, தெருவில் ஒதுங்கிய பூனை என்று எல்லாவற்றின் மேலும் காவி நிறத்தில் சேறு சொட்டியது. ஹாதிம் வாசற்கதவின் இடுக்கில் ஈரத்துண்டைத் திணித்துவிட்டு, ஜன்னல் விளிம்பை மூன்றாவது தடவையாகத் துடைத்துக்கொண்டிருந்தபோது அவன் மனைவி நஜ்லா வேலை முடிந்து உள்ளே வந்தாள்.

நஜ்லா ஆற்றுக்கு அந்தப் பக்கத்து ஆஸ்பத்திரியில் நர்ஸ். மூச்சுத்திணறல் வார்டு. புயல் நாளில் ஊரே கதவைச் சாத்திக்கொண்டு படுத்துவிடும். அவளுக்கு மட்டும் வேலை இரண்டு மடங்காகும். வந்ததும் கறுப்பு அங்கியைக் கழற்றி உதறினாள், முகம் கழுவினாள், இரண்டு முறை தொண்டையைச் செருமித் துப்பினாள்.

"ரீம் சாப்பிட்டாளா?"

"சாப்பிட்டுத் தூங்கறா."

"ஒரு டீ போடுங்களேன். தொண்டையெல்லாம் மண்ணு."

ஹாதிம் அடுப்பைப் பற்றவைக்கப் போகும் வழியில் கதவோரம் கழற்றி வைத்திருந்த அவளுடைய ஷூவைப் பார்த்தான். நர்ஸ்கள் போடும் வெள்ளை ஷூ. அடிப்பாகத்தில் விரல்கடை அளவுக்குச் சேறு ஒட்டியிருந்தது. மேலே ஒரு சொட்டுக்கூட இல்லை. ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு நடந்தால் நாற்பது நிமிஷம். மினி பஸ் மதியமே நின்றுவிட்டது.

"எப்படி வந்தே?"

"வண்டியில."

"யாரு வண்டி?"

"ஆஸ்பத்திரில ஒருத்தங்க வண்டி."

"யாரு ஓட்டினது இந்தப் புழுதியில?"

"ஓட்டத் தெரிஞ்சவங்கதான்" என்று சொல்லிவிட்டு அவள் ஈரத் தலையைத் துவட்டிக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அந்தப் பதில் ஹாதிமுக்கு நெஞ்சில் முள்ளாகத் தைத்தது. அவன் டாக்ஸி டிரைவர். இருபத்திரண்டு வயதில் ஸ்டியரிங்கைப் பிடித்தவன். இந்த ஊரில் அவனுக்குத் தெரியாத சந்தும் இல்லை, குழியும் இல்லை. ஆனால் இரண்டு வருஷத்துக்கு முன் திவானியா சாலையில் ஒரு புழுதிப்புயலுக்குள் மாட்டிக்கொண்டு, நின்றுகொண்டிருந்த லாரியின் பின்னால் போய் மோதினான். பின்சீட்டில் இருந்த பெரியவருக்கு இடுப்பெலும்பு முறிந்தது. உயிர் பிழைத்தார். ஆனால் அவர் போட்ட அந்தச் சத்தம் ஹாதிமின் காதைவிட்டுப் போகவில்லை. அதன்பின் மேற்கே வானம் சிவந்தால் போதும், அவன் உள்ளங்கை வியர்த்துவிடும். டாக்ஸிக்குத் தார்ப்பாயைப் போர்த்திவிட்டு வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்வான். யாராவது கேட்டால், "கண்ணாடியெல்லாம் கீறல் விழுந்துடும்ப்பா" என்பான். உண்மைக் காரணம் நஜ்லாவுக்குத் தெரியும். தெரிந்தும் ஒரு நாளும் அதைப் பற்றிப் பேசியதில்லை. புயல் நாளில் வந்து அழைத்துப்போங்கள் என்று கேட்டதுமில்லை.

இத்தனை நாள் அவள் கேட்காதது அவனுக்கு நிம்மதியாக இருந்தது. அன்றைக்கு அதுவே குடைந்தது. அவன் உட்கார்ந்திருக்கும் நேரத்தில் வேறொருவன் ஓட்டுகிறான். தன் மனைவியை, சேறு படாமல் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போகிறான்.

மறுநாள் காலை வெயில் பளிச்சென்று அடித்தது. தெருவே வாளியும் துடைப்பமுமாக இருந்தது. முனையில் டீக்கடை வைத்திருக்கும் ஸத்தார் பெஞ்சுகளைக் கழுவிக்கொண்டிருந்தார். ஐம்பது வயதுக்காரர், எப்போதும் இருமல், எப்போதும் பேச்சு.

"நேத்து உன் வீட்டுக்காரி ஜம்முனு வந்து இறங்கினாளே" என்றார் அவர்.

"பாத்தீங்களா?" என்று கேட்ட ஹாதிம் டீக் கிளாஸைக் கீழே வைத்தான்.

"கதவிடுக்கு வழியாப் பாத்தேன். ஏதோ ஜீப்பு. நிறம் கேக்காத, நேத்து எல்லா வண்டியும் ஒரே நிறம். ஓட்டினவன் கெட்டிக்காரன்ப்பா. ரெண்டு முழத்துக்கு முன்னால கண்ணு தெரியல. ஆனா இந்த ஜெனரேட்டர் கடை முன்னாடி இருக்கற குழியை அழகா ஒதுக்கிட்டு வந்து நிறுத்தினான். நீ பழைய ஹாதிமா இருந்தப்போ ஓட்டுவியே, அந்த மாதிரி."

ஹாதிம் அந்தக் குழியைத் திரும்பிப் பார்த்தான்.

"நஜ்லா இறங்கினப்புறமும் வண்டி நகரல. ஒரு நிமிஷம் நின்னுச்சு. அப்புறம் மெதுவாப் போச்சு." ஸத்தார் அவன் முகத்தைப் பார்த்துவிட்டு, "அட, வைப்பர்ல மண்ணு சிக்கியிருக்கும்ப்பா. சர்க்கரை போடட்டுமா?" என்றார்.

சர்க்கரை போட்டும் அந்த டீ இறங்கவில்லை. இறங்கின பிறகும் ஏன் ஒரு நிமிஷம் நின்றது? அவள் வீட்டுக்குள் போகிறவரை பார்த்துக்கொண்டிருந்தானா? அவள் திரும்பிப் பார்த்தாளா? சவாரிக்கு இடையில் சிக்னலில் நிற்கும்போதெல்லாம் ஹாதிம் அந்த ஒரு நிமிஷத்தையே போட்டு உருட்டிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரியில் வசீம் என்று ஒரு டாக்டர் இருப்பது அவனுக்குத் தெரியும். பாக்தாத்தில் படித்தவன், ஒல்லியாக, உயரமாக, சட்டைக் கையை எப்போதும் மடித்துவிட்டிருப்பான். ரீமுக்குக் காய்ச்சல் வந்தபோது ஒரு தடவை பார்த்திருக்கிறான். அந்த முகத்தை எடுத்து ஜீப்பின் ஸ்டியரிங்குக்குப் பின்னால் உட்காரவைத்தான். அதற்கப்புறம் அது அங்கிருந்து இறங்கவேயில்லை.

அடுத்த புயல் ஒன்பது நாள் கழித்து வந்தது. நஜ்லாவின் வேலை இரண்டு மணிக்கு முடியும். இரண்டு ஐந்துக்கு ஹாதிம் வார்டுக்குப் போன் போட்டான். "நஜ்லாவா? அப்பவே கிளம்பிட்டாங்களே" என்று யாரோ ஒரு பெண் சொன்னாள். ஜீப்பில் வந்தால் பத்து நிமிஷம். இரண்டரை ஆனது, மூன்று ஆனது. மூன்றே காலுக்கு நஜ்லா வந்தாள். ஷூ சுத்தம். கழுத்தில் புதிதாக, கண்ணைச் சுற்றி ரப்பர் வைத்த பெரிய கண்ணாடி ஒன்று தொங்கியது. அவளுக்குக் களைப்பு இருந்தது. ஆனால் களைப்புக்கு மேலே ஏதோ ஒரு தெளிவும் இருந்தது. சமையலறையில் பாத்திரத்தைக் கழுவும்போது ராகம் இழுத்தாள். அவள் ராகம் இழுத்து அவன் கேட்டு வருஷக்கணக்காகிறது.

"வார்டு நிறைஞ்சிருந்துச்சா?" என்று கேட்டான்.

"நிறைஞ்சு வராந்தாவுல படுக்க வச்சோம்."

"மூணு மணி வரைக்கும் வேலையா?"

அவள் ஒரு கணம் தட்டைக் கையில் வைத்துக்கொண்டு நின்றாள். "ஆமா" என்றாள்.

பொய். பதினோரு வருஷத்தில் அவள் தன்னிடம் சொன்ன முதல் பொய் இதுதானா, அல்லது தான் கண்டுபிடித்த முதல் பொய்யா என்று ஹாதிமுக்குத் தெரியவில்லை. அவன் சண்டை போடவில்லை. சண்டை போட்டால் அவள் ஏதாவது சொல்லிச் சமாளித்துவிடுவாள். கண்ணால் பார்க்க வேண்டும், இரண்டு பேரையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்று முடிவு செய்தான். அதன்பின் ஒரு விசித்திரம் நடந்தது. எந்தப் புயலைக் கண்டு இரண்டு வருஷமாக நடுங்கினானோ, அதற்காகவே காத்திருக்கத் தொடங்கினான். காலையில் எழுந்ததும் மாடிக்குப் போய் மேற்கே பார்ப்பான்.

மே மாதம் பாதியில் வந்தது அது. காலை பத்து மணிக்கே வானம் ஆரஞ்சு நிறமாகி, அப்புறம் செங்கல் நிறமாகி, பதினொன்றுக்குத் தெருவிளக்கு போட வேண்டியதாயிற்று. பள்ளிக்கூடம் விட்டுவிட்டார்கள். ரீமை ஸத்தாரின் மனைவியிடம் விட்டுவிட்டு, தலைத்துணியை நனைத்து மூக்கையும் வாயையும் சுற்றிக்கொண்டு ஹாதிம் நடக்க ஆரம்பித்தான். டாக்ஸியை எடுக்கலாம் என்ற எண்ணம்கூட வரவில்லை.

பாலத்தில் கைப்பிடிக் கம்பியைத் தடவிக்கொண்டே போனான். கீழே ஆறு இருப்பது தெரியவில்லை. கண்ணிமையில், பல்லிடுக்கில், காதுக்குள்ளே எல்லாம் மண். ஒரு மணி நேரமாயிற்று ஆஸ்பத்திரி வாசலை அடைய. வாசலில் ஆட்கள் குவிந்து கிடந்தார்கள். பிள்ளையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒருத்தி, சைக்கிளில் அப்பாவை உட்காரவைத்துத் தள்ளிக்கொண்டு ஒருவன். ஹாதிம் காவலாளி அறைக்குப் பின்னால், சுவரோடு ஒட்டி நின்றான். நெஞ்சு இழுத்துக்கொண்டிருந்தது. அந்த இழுப்போடேயே அவர்களிடம் சொல்ல வேண்டிய வார்த்தைகளை அடுக்கிக்கொண்டிருந்தான்.

பன்னிரண்டரை இருக்கும். இரண்டு மங்கலான விளக்குகள் வாசலுக்குள் திரும்பின. ஜீப். கூட்டத்துக்கு நடுவே, யாரையும் உரசாமல், ஒலி எழுப்பாமல், நேராகப் படிக்கட்டுப் பக்கத்தில் வந்து நின்றது. ஓட்டுகிறவன் பக்கத்துக் கதவு திறந்தது. ஹாதிம் சுவரைவிட்டு நகர்ந்தான்.

இறங்கியது நஜ்லா.

ரப்பர் கண்ணாடி, மடித்துவிட்ட சட்டைக் கை. சாவியைப் பல்லில் கடித்துக்கொண்டே பின்கதவைத் திறந்தாள். உள்ளே அறுபது வயதுக்கு மேற்பட்ட ஒரு டாக்டரம்மா ஒரு கிழவரின் முகத்தில் ஆக்சிஜன் மூடியை அழுத்திப் பிடித்துக்கொண்டிருந்தார். வேறு யாரும் இல்லை. ஹாதிம் குனிந்து முன்சீட்டையும் பார்த்தான். அங்கே ஆக்சிஜன் சிலிண்டர் ஒன்றுதான் பெல்ட் போட்டு உட்கார்ந்திருந்தது.

நஜ்லா அவனைப் பார்த்துவிட்டாள். சாவி கீழே விழுந்தது.

"ரீமுக்கு என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. நல்லா இருக்கா."

"அப்ப எதுக்கு இங்க வந்தீங்க?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. "சரி, இந்தக் காலைப் பிடிங்க. தூக்கணும்" என்றாள். அவன் கிழவரின் காலைப் பிடித்தான். அப்போதுதான் மழை ஆரம்பித்தது. மூன்று பேரும் சேறு சொட்டச் சொட்டப் படியேறினார்கள்.

வராந்தாவில் அவனை உட்காரவைத்து அவன் முகத்திலும் ஒரு மூடியைப் போட்டார்கள். நெஞ்சு இழுப்பு மெல்ல அடங்கியது. டாக்டரம்மா பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். லமியா என்று பெயர். இந்த வருஷம்தான் நஜஃபிலிருந்து மாற்றலாகி வந்தவர், ஹாதிம் வீட்டுக்கு அடுத்த சந்தில் வாடகைக்கு இருக்கிறார்.

"நீங்கதான் நஜ்லாவோட வீட்டுக்காரரா? எனக்குக் கண்ணு ஆபரேஷன் ஆனதுலேருந்து புழுதியில ஓட்ட வரல. இவதான் நான் ஓட்டறேன்னு வந்தா. பாலைவனத்து ஓரத்துல இருக்கற வீடுகளுக்கு வேலை முடிஞ்சப்புறம் ரெண்டு பேருமா சிலிண்டர் கொண்டுபோவோம். இன்னைக்கு மாதிரி அவசரம்னா நடுவுலயும் போவோம். அவ முனையில இறங்கினதும், எங்க வீடு வரைக்கும் இருக்கற ஐம்பதடியை மட்டும் நான் உருட்டிக்குவேன். முன்சீட்டுக்கு நான் மாறி உட்காரவே ஒரு நிமிஷம் ஆகும், மூட்டு வலி."

அந்த ஒரு நிமிஷம் இதுதானா. ஹாதிம் தலையைக் குனிந்துகொண்டான்.

"நல்லா கத்துக் கொடுத்திருக்கீங்க" என்றார் டாக்டரம்மா. "ஜன்னலை நாலு விரல் இறக்கி வச்சுக் காதால ஓட்டணும், முன்னால பாக்காம ரோட்டோரத்தைப் பாக்கணும். எல்லாம் எங்க வீட்டுக்காரர் சொன்னதுன்னு சொல்லுவா."

அவனுக்கு ஞாபகம் வந்தது. கல்யாணமான புதிதில், வெள்ளிக்கிழமை மாலைகளில், ஊருக்கு வெளியே உப்புத்தரையில் விளையாட்டாகக் கற்றுக் கொடுத்தான். பத்துப் பன்னிரண்டு நாள் இருக்கும். அப்புறம் ரீம் வயிற்றில் வந்தாள், விட்டுப்போயிற்று. அவள் மறந்திருப்பாள் என்று நினைத்திருந்தான்.

மனைவிமேல் தப்பில்லை என்று தெரிந்தவன் சந்தோஷப்பட்டிருக்க வேண்டும். ஹாதிமும் அதற்கு முயன்றான். ஆனால் அன்று இரண்டு மணிக்கு அதே ஜீப்பில் வீடு திரும்பும்போது, சிலிண்டரை எடுத்துவிட்ட முன்சீட்டில் அவள் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டு, அவளுடைய கைகளையே பார்த்துக்கொண்டு வந்தான். கியர் மாற்றும்போது அந்தக் கை தடுமாறவில்லை. வியர்க்கவில்லை. வசீம் டாக்டர்மேல் பொறாமைப்பட்டபோதாவது கோபம் என்று ஒன்று துணைக்கு இருந்தது. இந்தக் கைகள்மேல் வந்த பொறாமையை எங்கே கொண்டுபோய் வைப்பது? ஜெனரேட்டர் கடை முன்னால் வரும்போது, அவள் அந்தக் குழிக்குள் ஒரு சக்கரத்தையாவது விட்டுவிட மாட்டாளா என்று அவன் மனசு ஏங்கியது. அவள் அதை ஒதுக்கிக்கொண்டு அழகாக நிறுத்தினாள்.

மூன்று நாள் அவன் பேசவில்லை. நாலாம் நாள் சாப்பாட்டின்போது நஜ்லாவே ஆரம்பித்தாள்.

"சந்தேகப்பட்டுத்தானே வந்தீங்க?"

"ஆமா."

"ஒளிஞ்சு நின்னீங்களா?"

"ஆமா."

அவள் ரொட்டியைப் பிய்த்துக் குழம்பில் நனைத்து, வாயில் போடாமல் வைத்துக்கொண்டிருந்தாள். "நல்லவேளை, மூச்சு நின்னு செத்துப்போகாம இருந்தீங்க. ஊர்ல கேட்டா என்னன்னு சொல்றது நான்?"

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"சொல்லியிருந்தா?"

"நான் வேண்டாம்னா சொல்லியிருப்பேன்?"

"வேண்டாம்னு சொல்லியிருக்க மாட்டீங்க. இப்ப மூணு நாளா உட்கார்ந்திருக்கீங்களே, அந்த மாதிரி உட்கார்ந்திருப்பீங்க. அதைப் பாக்க முடியாதுன்னுதான் சொல்லல."

நனைத்த ரொட்டியை அப்போதுதான் வாயில் போட்டாள்.

ஜூன் மாதம் ஒரு வெள்ளிக்கிழமை, மதியச் சாப்பாடு முடிந்த நேரம். புயல் அடித்துக்கொண்டிருந்தது. ஸத்தாரின் மனைவி கதவை இடித்தாள். "அவர் உதடெல்லாம் நீலமாயிடுச்சு. ஆம்புலன்சு போனை எடுக்க மாட்டேங்கறாங்க."

நஜ்லா ஏற்கெனவே எழுந்துவிட்டாள். மருந்துப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு, ஹாதிமின் முன்னால் கையை நீட்டினாள்.

"டாக்டரம்மா புயலுக்கு முன்னாடியே ஜீப்போட ஆஸ்பத்திரிக்குப் போயிட்டாங்க. டாக்ஸி சாவி குடுங்க."

சாவி அவன் சட்டைப்பையில் இருந்தது. அவன் அதை எடுத்தான். நீட்டியிருந்த அவள் கையைப் பார்த்தான். அந்தக் கையில் அதை வைக்க வேண்டியதுதான் மிச்சம்.

"நான் ஓட்டறேன்" என்றான்.

அவள் அவனை ஒரு மாதிரிப் பார்த்தாள். வாதாட நேரமில்லை. "சரி, சீக்கிரம்" என்றாள்.

தார்ப்பாயை இழுத்துப் போட்டுவிட்டு வண்டியை எடுத்தான். பின்சீட்டில் ஸத்தாரைச் சாய்த்து, நஜ்லா அவருடைய வாயில் மருந்தை அடித்துக்கொண்டிருந்தாள். உள்ளங்கை நனைந்து ஸ்டியரிங் வழுக்கியது. ஜன்னலை நாலு விரல் இறக்கிக்கொண்டான். முன்னால் பார்க்கவில்லை, ரோட்டோரத்து வெள்ளைக் கல்லை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு போனான். பாலம் வரை வந்துவிட்டான். பாலத்தின் நடுவில், புழுதிக்குள் ஏதோ கறுப்பாகப் பெரிதாகத் தெரிந்தது. லாரியா, நிழலா தெரியவில்லை. கால் தானாகப் பிரேக்கை மிதித்தது. வண்டி நின்றுவிட்டது. பெரியவரின் அந்தப் பழைய சத்தம் காதுக்குள் வந்தது. கால் பிரேக்கிலிருந்து எழ மறுத்தது.

பின்னாலிருந்து நஜ்லா மெதுவாக, "வேணும்னா நான்..." என்றாள்.

அவ்வளவுதான். அவள் முடிக்கும் முன்பே ஹாதிம் பிரேக்கிலிருந்து காலை எடுத்தான். பிற்பாடு யோசித்துப் பார்த்தபோது அதைத் தைரியம் என்று அவனால் சொல்லிக்கொள்ள முடியவில்லை. அவள் முன்சீட்டுக்கு வந்துவிடுவாள், தான் பின்சீட்டுக்குப் போய்விடுவோம் என்ற எண்ணத்தை அவனால் தாங்க முடியவில்லை. அந்தக் கறுப்பு ஒரு விளம்பரப் பலகையின் கிழிந்த துணி. அதைச் சுற்றிக்கொண்டு பாலத்தைத் தாண்டினான்.

ஸத்தார் பிழைத்தார். சாயங்காலம் புழுதி அடங்கிச் சேற்று மழையும் ஓய்ந்தபின், மூக்கில் குழாயோடு கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தார். கட்டில் ஓரத்தில் நின்ற நஜ்லாவைப் பார்த்து, "உனக்குப் புண்ணியம்மா. நீ ஜீப்பு ஓட்டறது இப்ப தெருவுக்கே தெரியும், ஆனாலும் அடேயப்பா, என்னமா ஓட்டினே. அலுங்காமக் கொண்டுவந்து சேத்துட்டியே" என்றார்.

"நான் இல்லண்ணே. இவர்தான் ஓட்டினாரு."

ஸத்தார் ஹாதிமைப் பார்த்தார். அப்புறம் நஜ்லாவைப் பார்த்துக் கண்ணைச் சிமிட்டினார். "புருஷனை விட்டுக் குடுக்காதவ" என்றார்.

ஹாதிம் வெளியே போய்விட்டான். டாக்ஸி முழுக்கச் சேறு. காவலாளியிடம் வாளி வாங்கி, முன்கண்ணாடியை மட்டும் கழுவினான். கழுவி முடிக்கும்போது நஜ்லா வந்து பக்கத்தில் நின்றாள். அவளுக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது, அடக்கிக்கொண்டாள்.

"அவருக்குக் கண்ணு மூடியிருந்துச்சு. அதான் தெரியல" என்றாள்.

"தெரியும் தெரியும்."

"நான் நாளைக்கு மறுபடியும் சொல்றேன்."

"ஒண்ணும் சொல்ல வேண்டாம்."

அவள் வாளியை ஓரமாக நகர்த்தி வைத்துவிட்டு, "களைப்பா இருக்கீங்க. திரும்பப் போறப்ப நான் ஓட்டட்டுமா?" என்று கேட்டாள்.

ஹாதிம் துணியைப் பிழிந்தான். இல்லை என்று சொல்ல வாயெடுத்தான். பிழிந்த துணி கையிலிருந்து நழுவி வாளிக்குள் விழுந்தது. அதை அவளும் பார்த்தாள்.

"பாலம் தாண்டற வரைக்கும் நான் ஓட்டறேன்" என்றான். "அதுக்கப்புறம் நீ எடுத்துக்க."

பாலத்தைத் தாண்டியதும் சொன்ன சொல்படி இறங்கி, சுற்றிக்கொண்டு வந்து மறுபக்கம் உட்கார்ந்தான். சேறு வழுக்கும் சாலையில் அவள் நன்றாகத்தான் ஓட்டினாள். குறை சொல்ல ஒன்றுமில்லை. கொஞ்ச தூரம் போனதும் அவன், "ஓரம் ரொம்ப ஒட்டிப் போறே பாரு" என்றான்.

அவள் ஒட்டிப் போகவில்லை. இருந்தாலும் ஒரு சாண் உள்ளே வளைத்துக்கொண்டாள். ஹாதிம் சீட்டில் சாய்ந்து உட்கார்ந்தான்.